நான் இல்லாத வரி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. மனிதர்கள் நானூறு பேர். செம்மறி ஆடுகள் அதைப்போலப் பத்து மடங்கு. அங்கே தபால் வேன் ஓட்டுகிற ஒரு பெண்ணிடம், அவரைவிட இருபத்தொன்பது வயது மூத்தவர் ஒருவர் பாடம் கேட்கப் போனார்.

அந்தப் பெண்ணின் பெயர் ஒய்ரிக். வயது முப்பத்து மூன்று. காலையில் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் தம் தாய்மொழியான கேலிக்கில் கவிதை கட்டுவார். அந்த மொழியைப் பேசுகிறவர்களே குறைவு. அதில் இன்றைக்குக் கவிதை எழுதுகிறவர்கள் யார் யார் என்று கேட்டால், தீவுக்காரர்கள் யோசிக்காமல் இவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

மூத்தவர் பெயர் அருளப்பன். தூத்துக்குடிக்காரர். மரப்பலகையில் படத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுக்கும் ஓவியர். கிளாஸ்கோ நகரத்துக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. மனைவி இறந்தபிறகு வீட்டில் தமிழ் பேச ஆள் இல்லை. அவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலை இருந்தது, பெயர் இருந்தது.

தீவின் படகுத்துறையில் புதிதாக ஒரு பயணிகள் கூடம் கட்டினார்கள். கூடத்தின் பெரிய சுவரில் ஒய்ரிக்கின் கவிதை ஒன்று இருக்க வேண்டும், பக்கத்தில் அருளப்பனின் படம் இருக்க வேண்டும் என்று தீவுக் குழு முடிவு செய்தது. குழுவின் செயலாளர் ரூரி என்பவர் கடிதம் எழுதி அழைத்தார். மே மாதம் திறப்பு. பிப்ரவரி கடைசியில் அருளப்பன் பலகைகளோடும் உளிகளோடும் படகிலிருந்து இறங்கினார்.

கவிதை அவர் சட்டைப்பையில் இருந்தது. ஆறே வரி. ஒரு சொல்கூடப் புரியவில்லை.

துறைக்கு வேனோடு வந்திருந்த ஒய்ரிக்கிடம் அவர் முதலில் கேட்டது அதைத்தான். அர்த்தம் சொல்லிவிட்டால் மூன்று வாரத்தில் படத்தை முடித்துவிடுவேன் என்றார்.

"அர்த்தம் சொன்னால் நீங்கள் அர்த்தத்தை வரைவீர்கள்" என்றார் ஒய்ரிக்.

"வேறு எதை வரைவது?"

ஒய்ரிக் பலகைகளை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்.

"காலை ஏழரைக்கு வேன் கிளம்பும்" என்றார்.

மறுநாள் ஏழரைக்கு அருளப்பன் வேனில் இருந்தார். மடியில் பார்சல்கள். வழியில் பதினேழு பண்ணைக் கதவுகள். அவற்றைத் திறந்து மூடுவது அவர் வேலை ஆயிற்று. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சொல் கிடைத்தது. மலை. ஜன்னல். கன்றுக்குட்டி. மூடுபனி. சொல்லைச் சரியாக உச்சரிக்கும்வரை வேன் நகராது. மூடுபனிக்கு மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று, பின்னால் ஒரு டிராக்டர் பொறுமையாக நின்றது.

பாடம் சொல்லிக்கொடுப்பவரைப் பெயர் சொல்லி அழைக்க அருளப்பனுக்கு நா எழவில்லை. வயது எதுவானால் என்ன? இரண்டாம் நாளே "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் தீவு முழுக்க அது பரவிவிட்டது. மீன்பிடிக்கிற முரட்டு ஆட்கள்கூடத் துறையிலிருந்து, "டீச்சர், எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கத்தினார்கள். டீச்சர் அதைப் பிடிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். பிடித்திருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அருளப்பனுக்கு ஐம்பது சொல் தெரிந்தது. கவிதை தெரியவில்லை. அறுபது கண்காட்சி நடத்திய நாம் ஆட்டுக்குக் கதவு திறந்துகொண்டிருக்கிறோமே என்று ஒரு நாள் தோன்றியது. தோன்றிய அன்றே ரூரிக்கு ஒரு சீட்டு அனுப்பினார். குழுவின் கோப்புக்காக யாரோ செய்துவைத்த ஆங்கில மொழிபெயர்ப்பு ரூரியிடம் இருந்தது. இரண்டு நாளில் அது உறையில் போட்டு வந்துவிட்டது.

படித்தார். மலையில் மூடுபனி, ஜன்னலில் உப்பு, கன்று பசித்திருக்கிறது, கிழவர் தூங்கி வழிகிறார். கடைசி இரண்டு வரி, நான் அவசரத்தில் இருக்கிறேன், நான் உன்னைக் காதலிக்கிறேன்.

இவ்வளவுதானா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. காதல் கவிதை. அவசரத்தில் இருக்கிற ஒரு தபால்காரி. நான்கே நாளில் பலகையைச் செதுக்கி ஒற்றி எடுத்தார். படகுத்துறையில் ஒரு பெண் நிற்கிறாள், காற்றில் கூந்தல் பறக்கிறது, கையில் கடிதக் கட்டு, கண் கடலில். அவருடைய படங்களிலேயே நல்ல படம் என்று அவருக்கே பட்டது.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறது. இங்கே நிற்பது யார்?"

"நீங்கள்தான்."

"நான் அங்கே இல்லையே" என்று சொல்லிவிட்டு டீச்சர் தேநீர் போடப் போனார்.

அருளப்பன் பெண்ணை எடுத்துவிட்டு ஓர் ஆணை நிறுத்தினார். டீச்சர், "இவர் யார்?" என்று கேட்டார். முகம் தெரிவதுதான் சிக்கல் போலிருக்கிறது என்று முதுகு காட்டி நிற்கிற உருவமாகச் செதுக்கினார். "இவருக்கு முகம் இருக்கிறது, நம்மிடம் காட்டவில்லை" என்றார் டீச்சர். நான்காவது படத்தில் ஆளே இல்லை. ஈர மணலில் காலடித் தடம் மட்டும். இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்ற நினைப்போடு கொண்டுபோய்க் காட்டினார்.

டீச்சர் குனிந்து தடங்களைப் பார்த்தார்.

"இப்போதுதான் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்" என்றார்.

அதற்குள் ஏப்ரல் பிறந்துவிட்டது. ரூரி நல்ல மனிதர். மிகவும் வருத்தப்பட்டுத்தான் எழுதியிருந்தார். மாத முடிவுக்குள் படம் வராவிட்டால் சுவரில் கப்பலின் பெரிய புகைப்படம் ஒன்றை ஒட்டிவிடக் குழு தீர்மானித்திருந்தது. புகைப்படம் வந்தால் கவிதைக்கு இடம் போதாது. கவிதையும் போய்விடும்.

அந்தக் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்த அருளப்பனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. தன் படம் போனால் போகட்டும், இந்தப் பெண்ணின் ஆறு வரி தன்னால் போகிறதே என்பது அவரை உறுத்தியது. வேன் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தான் செய்ததைச் சொல்லிவிட்டார். ரூரியிடம் ஆங்கிலத்தில் வாங்கிப் படித்துவிட்டேன், அதை வைத்துத்தான் நான்கு படத்தையும் செய்தேன் என்றார்.

"தெரியும்" என்றார் டீச்சர். "அந்த உறையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது நான்தானே."

அருளப்பன் ரூரியின் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

மேட்டின் உச்சியில் டீச்சர் வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். கீழே மூன்று பக்கமும் கடல், வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒரு டப்பாவைத் திறந்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் இருந்தன. சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

அருளப்பன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பசிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

டீச்சர் டப்பாவை மூடினார்.

"உங்கள் மொழியில் சொல்லுங்கள்."

"எதற்கு?"

"சொன்னால் ரொட்டி."

அருளப்பன் வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்குப் பசிக்குது" என்றார். தீவுக்கு வந்தபிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வாக்கியம் அதுதான். தன் குரல் தனக்கே வேறு மாதிரிக் கேட்டது.

அதில் 'நான்' என்பதற்கு எந்தச் சொல் என்று டீச்சர் கேட்டார். அருளப்பன் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். திரும்ப ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"நான் இல்லை" என்றார் மெதுவாக. "எனக்கு என்று இருக்கிறது. பசி எனக்கு வருகிறது."

"தூக்கம்?"

"அதுவும் வருகிறது. எனக்குத் தூக்கம் வருகிறது. நான் ஒன்றும் செய்வதில்லை."

"அவசரம்?"

"எனக்கு அவசரம்."

டீச்சர் ரொட்டியை நீட்டினார். அருளப்பன் கையில் வாங்கிக்கொண்டார், வாயில் வைக்கவில்லை. கேலிக்கில் பசி ஒருவர் மேல் வந்து உட்காரும் என்று டீச்சர் சொன்னார். தூக்கமும் அப்படியே மேலே வந்து உட்காரும், அவசரமும். கன்றின் மேல் பசி இருக்கிறது, கிழவர் மேல் தூக்கம் இருக்கிறது, என் மேல் அவசரம் இருக்கிறது. மலைமேல் பனி எப்படியோ அப்படி. பிறகு கடைசி வரியைச் சொன்னார்.

"ஹா கூல் அகம் ஓர்ஷ்ட்."

அருளப்பன் நிமிர்ந்தார். "அகமா?"

"அகம். 'என்னிடம்' என்று அர்த்தம்."

தம் மொழியிலும் அப்படி ஒரு சொல் உண்டு, உள்ளே என்று பொருள், காதல் பாட்டுகளுக்கே பழைய காலத்தில் அதுதான் பெயர் என்றார் அருளப்பன். அந்தப் பாட்டுகளில் காதலிக்கிறவரின் பெயரைச் சொல்லக் கூடாது என்றுகூட ஒரு விதி இருந்ததாம். சொல்லச் சொல்ல அவருக்குப் பேச்சு வேகம் பிடித்தது. இரண்டு சொல்லும் காதுக்கு ஒன்றுபோல இருப்பது தற்செயல்தான். ஆனாலும் இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லும்படி அருளப்பன் கேட்டார். டீச்சர் விரல் மடக்கிச் சொன்னார்.

"இருக்கிறது. அன்பு. என்னிடம். உன்மேல்."

வீட்டில் ஆள் இல்லாதபோது கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகிற அட்டை ஒன்று வேனில் கிடந்தது. 'நாங்கள் வந்தபோது நீங்கள் இல்லை' என்று அச்சடித்த அட்டை. அருளப்பன் அதைத் திருப்பிப் போட்டு, டீச்சர் சொன்ன வரிசையிலேயே நான்கு சொல்லையும் தமிழில் எழுதினார். பார்த்தார். பென்சில் நின்றது. கீழே, தமிழில் இயல்பாக வருகிறபடி இன்னொரு வரி எழுதினார்.

உன்மேல் என்னிடம் அன்பு இருக்கிறது.

அதே நான்கு சொல். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. கடைசியிலிருந்து தொடங்கி முதலுக்கு வந்து சேர்ந்திருந்தது. நாற்பது வருடமாகப் பலகையில் இடமாக இருப்பதைத் தாளில் வலமாக எடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். எதிரே இருப்பது என்ன என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்று பலகை, ஒன்று தாள்.

அட்டையை டீச்சரிடம் கொடுத்து விளக்கினார். டீச்சர் இரண்டு வரியையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். அருளப்பன் தமிழில் சொல்ல, டீச்சர் கூடவே கேலிக்கில் சொன்னார். இருவரும் இரண்டு முனையிலிருந்து புறப்பட்டு நடுவில் ஒருவரையொருவர் தாண்டிப் போனார்கள். மூன்றாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது. நான்காம் தடவை டீச்சருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்தது.

"இரண்டு ஊருக்கும் நேராகப் படகு இருந்திருக்கிறது" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் லண்டனைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்."

அன்று தீவில் தபால் இரண்டு மணி நேரம் தாமதம். தெற்குக் கோடியில் வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு விவசாயி, காரணம் கேட்டு, இருவரும் சேர்ந்து சொன்ன பதிலைக் கேட்டு, ஒன்றும் விளங்காமல், அவர்கள் முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்துக்கொண்டு கடிதத்தை வாங்கிப் போனார்.

அருளப்பன் பதினோரு நாள் வெளியே வரவில்லை. ஏழரைக்கு வேன் அவர் ஜன்னலைத் தாண்டிப் போகும். தலை நிமிராமல் உளியை மட்டும் தூக்கிக் காட்டுவார். பதினேழு கதவையும் டீச்சரே இறங்கித் திறந்துகொண்டார். உள்ளே அருளப்பன் வேலை செய்தபடி தனக்குத்தானே பேசினார். எனக்குக் கை வலிக்குது. எனக்குத் தேநீர் வேணும். எனக்குச் சந்தோஷமா இருக்கு. யாரும் கேட்கவில்லை என்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஈர மை வாசனையோடு படத்தை மேஜைமேல் விரித்தார்.

மழை. படம் முழுக்க மழை. மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஆயிரக்கணக்கில், கொஞ்சம் சாய்ந்து, அவசரமே இல்லாமல் இறங்குகின்றன. மலைமேல் மழை. உப்புப் படிந்த ஜன்னல்மேல் மழை. தாயைத் தேடி நிற்கிற கன்றின்மேல் மழை. கொட்டகை ஓரத்தில் நாற்காலியிலேயே உறங்கிப்போன கிழவரின் தொப்பிமேல் மழை. சாலையில் கதவு திறந்தபடி நிற்கிற ஒரு வேன்மேல் மழை. வேனில் ஆள் இல்லை.

டீச்சர் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார்.

"என் கவிதையில் மழை இல்லை" என்றார்.

அருளப்பன் கையிலிருந்த மைத்துணியைக் கீழே வைத்தார். "இல்லை" என்று ஒப்புக்கொண்டார்.

"ஆறு வரியிலும் எங்குமே இல்லை."

"இல்லை, டீச்சர்."

டீச்சர் விரலைத் தாளுக்கு அருகில் கொண்டுபோனார், தொடவில்லை. கோடுகளைத் தொடர்ந்து விரல் காற்றிலேயே மேலிருந்து கீழே வந்தது.

"கடைசி வரியை எழுதும்போது எனக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?" என்றார்.

அப்புறம் எழுந்து, மாட்டியிருந்த கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடி, ரூரியைக் கையோடு அழைத்துவந்தார். ரூரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். புகைப்படத்தைப் பற்றி அதற்குப்பின் யாரும் பேசவில்லை.

ஒரே ஒரு தகராறு மிச்சம் இருந்தது. கவிதைக்குக் கீழே ஆங்கிலத்தில் போட வேண்டும் என்றார் ரூரி. டீச்சர் முடியாது என்றார். கேலிக்கில் ஆறு வரி இடப்பக்கம், அருளப்பனின் தமிழில் ஆறு வரி வலப்பக்கம், நடுவில் படம் என்றார். தீவில் தமிழ் படிக்க ஒருத்தர்கூட இல்லையே என்று ரூரி மன்றாடினார். படகில் வந்து இறங்குகிறவர்களில் கேலிக் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டார். ரூரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வலப்பக்கமே இருக்கட்டும் என்றார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கூடத்தைத் திறந்தார்கள். தீவே வந்திருந்தது. ஒருவர் துருத்தி வாத்தியம் வாசித்தார். கிழவர்கள் சுவரருகே போய், உறங்குகிற கிழவர் யார் என்று வாதாடினார்கள். மூன்று பேர் அது நான்தான் என்றார்கள். டீச்சர் கவிதையை வாசித்தார். அருளப்பன் தமிழில் வாசித்தார்.

மலைமேல் மூடுபனி இருக்கிறது.
ஜன்னல்மேல் உப்பு இருக்கிறது.
கன்றின்மேல் பசி இருக்கிறது.
கிழவர்மேல் தூக்கம் இருக்கிறது.
என்மேல் அவசரம் இருக்கிறது.
உன்மேல் என்னிடம் அன்பு இருக்கிறது.

தமிழ் தெரியாத நானூறு பேர் ஒவ்வொரு வரி முடியும்போதும் வருகிற 'இருக்கிறது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். நான்காம் வரியிலிருந்து கூடவே சொன்னார்கள். கடைசி வரிக்குக் கூடம் அதிர்ந்தது. அருளப்பன் தாளைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிப் படகு தூரத்தில் தெரிந்தது. அருளப்பன் அதில் ஊர் திரும்ப வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். தூறல் ஆரம்பித்து, நடக்க நடக்க மழையாயிற்று. டீச்சர் வழியனுப்ப ஓடிவந்து, துறையின் கூரைக்கு அடியில் நின்றார்.

மூன்று மாதத்தில் கேட்காத ஒரு கேள்வி அருளப்பனிடம் இருந்தது. தீவில் எல்லாரும் அதை ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் ஒரு மீனவன் பெயரைச் சொன்னார், இன்னொருவர் கிளாஸ்கோவில் யாரோ என்றார், செத்துப்போன ஒருவன் என்றும் சொன்னார்கள். கேட்பது மரியாதை இல்லை என்று அவர் இருந்துவிட்டார். படகு கரையில் மோதி நின்றது. இனிமேல் எப்போது கேட்பது?

மழையில் நின்றபடி கேட்டுவிட்டார்.

"டீச்சர், அந்தக் கடைசி வரியில் 'உன்மேல்' என்று வருகிறதே. யார் மேல்?"

கூரைக்கு அடியிலிருந்து டீச்சர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவர் தோளிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நனைந்துகொண்டு நிற்பது நீங்கள்" என்றார் டீச்சர். "என்னைக் கேட்கிறீர்களே."